ஆறு இடம்

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் கடையின் மாடி.
புகையடித்த ஷீட்டின் வாடை
படியேறி வந்து விசைப்பலகையில் உட்கார்ந்துகொள்ளும்.
மேசையில் பதினோரு போன்கள்.
பொத்தான் தேய்ந்தவை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியவை,
ஒன்றின் முதுகில் மாதா படம்.

நான் எழுதுவது சின்ன மென்பொருள்.
வயர் வழியாகப் போனிடம் ஒரு கேள்வி:
முதல் அறையில் யார்?
அது யோசிக்கும். பிறகு
எண்ணும் பேரும் சொல்லி, சரி என்று முடிக்கும்.
இரண்டாம் அறையில் யார்?
அவசரப்படுத்தினால் வாயை மூடிக்கொள்ளும்.
அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே
கால் நொடி சும்மா இருக்க
நிரலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
எனக்கு அது வந்ததில்லை.

சிம்மில் ஒரு பேருக்கு ஆறு இடம்.
தமிழென்றால் அவ்வளவுதான்.
கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம்,
தலைமேல் நிற்கும் புள்ளியும்
தனக்கென்று ஒன்று கேட்டு வாங்கிவிடும்.
மார்த்தாண்டம் மார்த் என்று நின்றுபோகும்.
ததேயுஸின் கடைசிப் புள்ளி
எங்கே விழுந்ததென்று தெரியாது.

குறும்பனையிலிருந்து மீன் எடுத்து வரும்
பிலோமினா போனை நீட்டினாள்.
செதிள் ஒட்டிய விரலுக்குத் தொடுதிரை மசிவதில்லை,
அதனால் இன்னும் பொத்தான்.
திரையில்: வட்டி.
ஐந்தே இடம். வெட்டுப்படாத பேர்.

"ஈஸ்டர் கழிஞ்ச திங்கக்கெழம
முழுசும் எண்ணிக் குடுத்தாச்சு.
அண்ணைக்கே அழிச்சேன்லா.
உனக்க வயர மாட்டுனேன், வந்திருக்கு.
பின்னயும் அழிச்சேன், பின்னயும் வந்திருக்கு.
நேத்து மடியிலயிருந்து தானா கால் போயி
'சொல்லு, எவ்வளவு வேணும்'ணு கேக்காரு."

நான் சிரித்தேன்.
அவள் கட்டி முடித்த தொகையைச் சொன்னாள்.
பிறகு நான் சிரிக்கவில்லை.

தவறு என்னுடையது.
கணினியில் இருந்து போனில் இல்லையென்றால்
பாவம், போனுக்கு இன்னும் தெரியாது,
சொல்லிவிடலாம் என்றே நிரல் நினைத்தது.
அழித்த இடமும் எழுதாத இடமும்
அதற்கு ஒரே வெறுமை.

மூன்று இரவு.
வழி ஒன்றுதான் இருந்தது,
அழித்ததை மறக்காமல் வைத்திருப்பது.
பேரை எடுத்து, எண்ணை எடுத்து,
வரிசை எண்ணை மட்டும் விட்டு
இந்தத் தேதியில் வேண்டாமென்றார்கள் என
ஒரு கல் நடுவது.
இந்தத் தொழிலில் அதற்குக் கல்லறை என்றே பேர்.

"அப்ப அவரு உனக்க பெட்டிக்குள்ள கெடப்பாரா?"
அவர் இல்லை, அவர் போன கணக்கு மட்டும்.
"கணக்குதான் எனக்கு ஆவாது" என்றாள்.
ஆனாலும் மூன்று தடவை மாட்டச் சொன்னாள்.
மூன்று தடவையும் வரவில்லை.
கூலி, ஒரு கூறு சாளை.

அடுத்த புதன்கிழமை ஒருவர் வந்தார்.
சலவை வேட்டி, இரண்டு போன்.
"ரெண்டயும் ஒண்ணாக்கித் தரணும், ஒரு பேரு விடப்பிடாது."
ரசீதுக்கு எண் கேட்டேன்.
சொல்லச் சொல்ல
மூன்று இரவும் திரும்பி வந்தன.
கடைசி நான்கு இலக்கத்தை
அவருக்கு முன்னால் எழுதிவிட்டேன்.
"ஓ, நம்பர் தெரியுமா?" என்றார் சந்தோஷமாக.

வயரை மாட்டினேன்.
இருநூற்று ஐம்பது அறையும் நிறைந்த சிம்.
முதல் அறையில் யார்? சரி.
இரண்டாம் அறையில் யார்? சரி.
கீழே யாரோ ஷீட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தேழாம் அறையில்
பிலோமி.
நாவுக்கு இடமில்லாமல் நின்றிருந்தாள்.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் விரலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருந்தது.

அறுபத்தேழுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவே
கால் நொடி.
முதல்முறையாக
நானும் சும்மா இருந்தேன்.